இலை பெரிது, இரைப்பை சிறிது

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடமிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு ஆள் பெயரை எடுத்துவிட்டேன். உங்கள் சொந்தக்காரர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்தாயிற்று. இனியும் உணவுத் திட்டம் எதற்கு? வயிறே பார்த்துக்கொள்ளாதா? (பிரிக்பீல்ட்ஸ்)

முதல் ஒரு வருடம் பார்த்துக்கொள்ளும். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 விழுக்காடு போய்விடுகிறது. கிரெலின் என்ற பசி ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் பகுதியும் அதோடு போவதால், எதிரில் பிரியாணி வந்து உட்கார்ந்தாலும் மனம் அலைபாயாது. பிறகு மெல்ல மெல்லப் பசி திரும்பும், அளவும் கூடும். சுவீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. அதில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு வருடங்களுக்குள் சராசரியாக 32 விழுக்காடு எடை இழந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 விழுக்காடாக நின்றது. கொஞ்சம் திரும்பி வந்ததுதான், ஆனால் பெரும்பகுதி வரவே இல்லை. அந்தப் பெரும்பகுதியைக் காப்பாற்றத்தான் திட்டம். டாக்டர் உங்கள் வயிற்றைத்தான் சிறிதாக்கினார். ஜாலான் ஸ்காட்டையும் துன் சம்பந்தன் சாலையையும் அப்படியே விட்டுவிட்டார்.

கீட்டோ, பேலியோ, பதினாறு மணி நேரப் பட்டினி, டப்பா பவுடர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் பிடித்துக்கொள்வது? (கிள்ளான்)

செவ்வாய்க்கிழமை இரவு வேலை முடிந்து களைத்து வரும்போது உங்கள் வீட்டு அடுப்பில் என்ன இருக்குமோ, அதை வைத்து நடக்கும் திட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மூன்று மாத உறவு.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அறுவை சிகிச்சை செய்தவருக்கு நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை என்பது பொதுவான கணக்கு. ஒரு வேளைக்கு அரைக் கோப்பையோ ஒரு கோப்பையோதான் உள்ளே போகும் வயிற்றை வைத்துக்கொண்டு பதினாறு மணி நேரம் கடையைச் சாத்தினால், மிச்ச எட்டு மணி நேரத்தில் அந்தப் புரதத்தை எங்கே அடைப்பீர்கள்? கீட்டோவில் நெய்யும் எண்ணெயும் கூடுதல். சிறிய வயிற்றுக்கு அது குமட்டும், பைபாஸ்காரருக்குப் பேதியும் போகலாம். பவுடர், திரவ உணவு காலத்தில் கைகொடுக்கும். ஆயுள் முழுக்கக் கலக்கிக் குடிப்பேன் என்பவரை நான் நம்புவதில்லை. மென்று தின்ன ஆசைப்படாத மனிதர் யார்?

நம் சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று ஒரு தட்டைக் காட்டுகிறதே, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைப் பங்கு காய்கறி பழம்? நல்ல தட்டு. நீங்கள் மாற்ற வேண்டியது வரிசையை மட்டும்தான். முதலில் புரதம், அடுத்து காய்கறி, இடம் மிஞ்சினால் சோறு. பெரும்பாலும் மிஞ்சாது.

காலையில் ஒரு முட்டையும் சாம்பாரில் ஊறிய அரைத் தோசையும். பத்தரைக்குத் தயிர். மதியம் உள்ளங்கை அளவு தெங்கிரித் துண்டு, கொஞ்சம் கீரை, இரண்டு கரண்டி சோறு. மாலையில் அவித்த கடலை. இரவுக்குக் கெட்டிப் பருப்பும் தெம்பேயும், அல்லது கோழி சூப்பில் பிய்த்துப் போட்ட இறைச்சி. முட்டையில் 6 கிராம், அந்த மீன் துண்டில் 20 சொச்சம், 100 கிராம் தெம்பேயில் 18 அல்லது 19, மிச்சத்துக்குத் தயிரும் கடலையும் பருப்பும் என்று கூட்டிப் பாருங்கள், கணக்கு நேராகிவிடும். இதில் எதற்கும் வெளிநாட்டிலிருந்து பார்சல் வர வேண்டியதில்லை. கிள்ளான் ஈரச் சந்தைக்குப் போனால் போதும். (இது கெட்டி உணவுக்கு வந்துவிட்டவர்களுக்கான பட்டியல். முதல் வாரங்களின் திரவம், கூழ், மென்உணவு எல்லாம் உங்கள் மருத்துவமனை கொடுத்த தாளில் உள்ளபடி.)

இலைச் சாப்பாட்டுக் கடைக்கு இனிப் போகவே கூடாதா? (பிரிக்பீல்ட்ஸ், பெருமூச்சுடன்)

போகலாம், கையை மட்டும் தயாராக வைத்திருங்கள். வாளியோடு வரும் தம்பி நீங்கள் வாயைத் திறப்பதற்குள் இரண்டு அகப்பை சோற்றைக் கவிழ்த்துவிடுவார். மலை விழுந்த பிறகு "போதும் தம்பி" என்பதில் பயனில்லை. உட்கார்ந்தவுடன் இலையின் மேல் கையை விரித்து, "சோறு ஒரு பிடி, மீன் பொரியல் ஒன்று, கீரை இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிவிடுங்கள். முதல் வாய் மீனாக இருக்கட்டும். நன்றாக மெல்லுங்கள், வாய்க்கு வாய் மூச்சு விடுங்கள். ரசத்தைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். எந்தத் திரவமானாலும் அரை மணி நேரம் தள்ளித்தான். வெறும் சோற்றை வேகமாக விழுங்கினால் நெஞ்சுக்குழியில் கட்டி நிற்பதும் உண்டு, அந்த வலியை ஒரு முறை பட்டவர் மறக்க மாட்டார். அப்பளம் மட்டும் ஆபத்தில்லாதது போல் நடிக்கும். உடைத்தால் ஒன்றுமில்லை, எண்ணினால் ஐந்து.

முழு இலைக்கும் காசு கொடுத்துவிட்டுக் கால் இலை சாப்பிடுகிறோமே என்ற வருத்தம் வரும். அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த வெள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்.

நான் பைபாஸ் செய்தவன். தீபாவளித் திறந்த இல்லத்தில் இரண்டே இரண்டு குலாப் ஜாமூன். பத்து நிமிடத்தில் படபடப்பு, வேர்வை, வயிற்றைப் புரட்டல். கண் பட்டுவிட்டதா? (பூச்சோங்)

கண் அல்ல, சர்க்கரைப் பாகு. பைபாஸில் உணவு பழைய இரைப்பையில் தங்கிக் கரையாமல் நேராகச் சிறுகுடலில் இறங்குகிறது. அடர்த்தியான இனிப்பு அங்கே போனதும் குடல் நீரை இழுத்துக்கொள்ள, உடம்பு ஆட்டம் காண்கிறது. டம்பிங் என்பார்கள். இன்னொரு வகை, ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். இனிப்பைப் பார்த்து இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, இரத்தச் சர்க்கரை கீழே இறங்கி, கை நடுங்கும், தலை சுற்றும். ஸ்லீவ்காரர்களுக்கும் இது வருவதுண்டு. அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலியாக இருந்தால் குலாப் ஜாமூன் மேல் பழி போட்டுக்கொண்டு உட்காராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேஸ் பானம்? (காப்பார்)

வயிறு சுருங்கியது, குமிழி சுருங்கவில்லை. சர்க்கரை பானங்களுக்கு அரசாங்கம் 2019-லிருந்து வரி போடுகிறது. உங்கள் வயிறு போடும் வரி அதைவிடக் கடுமை.

பீர்? (பெயர், ஊர் இரண்டும் வேண்டாம் என்கிறார்)

மேலே சொன்ன குமிழி இதிலும் உண்டு. தவிர, முன்பு பல கிளாஸில் ஏறியது இப்போது ஓரிரண்டிலேயே ஏறும், இறங்கவும் நேரமாகும். சிக்கனம் என்று சந்தோஷப்படாதீர்கள். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலைக் குடியில் தேடிப் புதுச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

காலையில் பசியாறும்போது தே தாரிக் இல்லாமல் முடியவில்லை. மாத்திரையையும் அதோடுதான் போடுகிறேன். (செந்தூல்)

ஒரே மூச்சில் இரண்டு தப்பு. தேநீரிலுள்ள டானின், இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரும்பு மாத்திரையும் கால்சியமும் ஒன்றாகப் போனால் ஒன்றையொன்று தடுக்கும், குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் இனி உங்களுக்கு ஆயுள் சந்தா. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று ஒரு வருடத்தில் நிறுத்திவிட்டு, பிறகு கால் மரத்துப்போய் வருகிறவர்கள் உண்டு. இரத்தப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். தேநீர் வேண்டுமென்றால் தே ஓ கோசோங், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் எட்டி. இனிப்புப் பால் ஊற்றி இழுத்த கிளாஸ் என்பது குடிக்கும் பலகாரம்.

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம், ஒரு வேளை உணவு. வேண்டுதல் இருக்கிறது. சிகிச்சை முடிந்து ஐந்து மாதம். (பத்துமலை)

சைவம் தாராளமாக இருக்கலாம். பருப்பு, தயிர், பனீர், தெம்பே, தௌஹு என்று புரதத்தைச் சேர்த்துவிடலாம், பி12 மட்டும் மாத்திரையிலோ ஊசியிலோ வந்தாக வேண்டும். ஒரு வேளை என்பதுதான் ஆகாது. ஐந்து மாத வயிற்றில் ஒரு நாளின் உணவு ஒரு வேளையில் அடங்காது. 272 படியில் மயங்கி விழுந்தால் பின்னால் வரும் காவடிக்கும் ஆபத்து. இந்த வருடம் சிறு சிறு வேளைகளாகச் சைவ விரதம், டாக்டர் சரி என்றால் பால்குடம். ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறியவருக்குச் சாப்பாட்டுச் சிக்கல் புரியாதா என்ன?

நான்காம் மாதம். சீப்பைப் பார்த்தாலே அழுகை வருகிறது. (ஷா ஆலாம்)

எடை வேகமாக இறங்கும்போது மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டுவது வழக்கம்தான். பெரும்பாலும் திரும்ப முளைக்கும். எண்ணெய் விளம்பரத்துக்குச் செலவழிக்கும் முன் புரதக் கணக்கையும் இரும்பையும் பாருங்கள். ஒரு வருடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் அது வேறு கதை, டாக்டரிடம் காட்டுங்கள்.

நான்கு நாளாக எது சாப்பிட்டாலும் வாந்தி. வெறும் தண்ணீர் குடித்துச் சமாளிக்கிறேன். எந்த உணவு ஒத்துக்கொள்ளும்? (ரவாங்)

எதுவும் வேண்டாம், இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொடர் வாந்தியில் தயமின் என்ற பி1 சத்து சில வாரங்களிலேயே தீர்ந்துபோய் நரம்பையும் மூளையையும் தாக்கும். அடைப்பும் இருக்கலாம். அறுவை சிகிச்சை செய்தவர் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.

மூன்று வருடம் ஆயிற்று. ஒன்பது கிலோ திரும்பிவிட்டது. சோறே தொடுவதில்லையே! (கிள்ளான், லிட்டில் இந்தியா பக்கம்)

தெங்கு கிளானா சாலையில் முறுக்குக் கடைகளைத் தாண்டித்தானே வீட்டுக்குப் போகிறீர்கள்? கோழித் துண்டு சிறிய வயிற்றில் நிற்கும், "போதும்" என்று சொல்லும். முறுக்கு, பிஸ்கட், ஓமப்பொடி எல்லாம் தேநீரில் கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிற்றுக்குத் தகவலே போகாது. மணிக்கொரு தரம் கொறித்தால் கால் இரைப்பைக்காரரும் முழு இரைப்பை அளவு சாப்பிடலாம். வேளை வைத்துச் சாப்பிடுங்கள், டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள், வெட்கப்படாமல் பழைய கிளினிக்குக்குப் போங்கள். ஒன்பது கிலோவுக்கு மருந்து உட்பட வழிகள் இருக்கின்றன. முப்பது கிலோ ஆகும்வரை ஒளிந்திருப்பவர்களுக்குத்தான் வழி குறுகும்.

ஃபேஸ்புக்கில் ஓர் அக்கா மாதம் 400 வெள்ளிக்குப் 'பேரியாட்ரிக் கோச்' ஆக வருகிறேன் என்கிறார். சேரலாமா? (பெட்டாலிங் ஜெயா)

அந்த அக்கா பதிவு பெற்ற உணவியல் நிபுணரா என்று கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி இந்நாட்டில் அதற்குப் பதிவு உண்டு. பதில் வருவதற்குப் பதிலாகப் பவுடர் விலைப்பட்டியல் வந்தால் உங்களுக்குப் புரிந்துவிடும். அரசாங்க மருத்துவமனைகளிலேயே உணவியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகும்போது உங்கள் வீட்டுச் சமையலைச் சொல்லுங்கள். இட்லி சாப்பிடும் வீட்டுக்கு ஓட்ஸ் பட்டியல் வந்தால், மாற்றித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

"இப்படி எலும்பாய்ப் போனாயே" என்று மாமியார் தட்டில் போட்டுக்கொண்டே இருக்கிறார். (காஜாங்)

வாயில் ஒன்றைப் போட்டு முப்பது முறை மெல்லுங்கள், அதுவரை பேச முடியாது, மறுக்கவும் வேண்டியதில்லை. பிறகு அவரிடமே ஒரு வேலை கொடுங்கள்: "அத்தை, எனக்குத் தினமும் மீன் குழம்பில் இரண்டு துண்டு மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள், உங்கள் கைப்பக்குவத்தில்தான் இறங்குகிறது." அதன்பிறகு புரதப் பொறுப்பு அவருடையது.

வயிறு நிறைந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய உணர்வே இல்லை. (சுபாங்)

சிலருக்கு விக்கல், சிலருக்குத் தும்மல், சிலருக்குக் காரமே இல்லாத சாப்பாட்டில் மூக்கு ஒழுகும், சிலருக்கு நெஞ்சுக்குழியில் ஓர் அழுத்தம். உங்களுடையது எது என்று இரண்டு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும். அது வருவதற்கு முந்தைய வாயோடு நிறுத்துங்கள். மிச்ச மீனைப் புங்குஸ் கட்டச் சொல்லிவிட்டால் இரவுச் சாப்பாடும் முடிந்தது.