மட்கார்டு இல்லாத அழகு

தொழிற்சாலை யோசித்துப் பூட்டியதை உரிமையாளர் யோசிக்காமல் கழற்றினால் கிடைப்பது பாபர் பைக். 1930, 40களில் அமெரிக்க இளைஞர்கள் எடை குறைந்து வேகம் கூட வேண்டுமென்று முன் மட்கார்டைக் கழற்றி, பின்னதை நறுக்கினார்கள். வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் வேகத்தை ரயில்வே கேட் தீர்மானிக்கிறது. கேட் திறந்த பிறகு கன்டெய்னர் லாரி. ஆகவே இங்கே நறுக்குவது முழுக்க அழகுக்கு.

புதிதாக ஓட்ட வருபவர் பாபரைக் கடையிலேயே வாங்கலாம். ஜாவா பெராக் 2019இல் ஒற்றைச் சீட்டோடு வந்தது. 1950களிலேயே பக்கத்துத் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு, 2024இல் கோவன் கிளாசிக் 350ஐக் கொண்டுவந்தது. பின்சீட்டைக் கழற்றலாம், கல்யாணமானதும் திரும்ப மாட்டலாம். சீட் தாழ்வு, கால் தரையில் நன்றாக ஊன்றும். புதியவருக்கு இது உண்மையான லாபம்.

மற்ற வழி, பழைய புல்லட்டை வெல்டிங் கடையில் விடுவது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பின்சீட் உள்ள வண்டியில் பின்சக்கரம் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்பது விதி, பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதிருக்க எழுதியது. மட்கார்டை நறுக்கிவிட்டால், மழைக்காலத்தில் சேற்றைத் தடுக்கும் வேலையைச் சட்டையின் முதுகு பார்த்துக்கொள்ளும்.

கழற்றிய மட்கார்டைக் காயலான் கடைக்குப் போடாதிருப்பது நல்லது. 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அதை ஒருநாளாவது மாட்ட வேண்டியிருக்கும்.