ஆதார் வேண்டாம், அப்பத்தா!

முந்தாநாள் காரியாபட்டியில் ஒரு கடையில் தலைவலி மாத்திரை வாங்கினேன். ஒரே ஒரு அட்டை. "நம்பர் சொல்லுங்க" என்றார் கடைப்பையன். எதற்கு? "சிஸ்டம் கேக்குது." பில் போட மொபைல் எண் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாதென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டதே என்று ஆரம்பித்தேன். பின்னால் நின்ற பெரியவர், "என் நம்பரப் போட்டு அந்தத் தம்பிய அனுப்பி விடுப்பா" என்று பத்து இலக்கத்தையும் கடை அதிர ஒப்பித்தார். மாத்திரைக்கு அங்கேயே வேலை வந்துவிட்டது.

தனியுரிமை, மனிதர் கணினியோடு படும் பாடு, பொறுப்பான செயற்கை நுண்ணறிவு: இவைதான் என் முனைவர் பட்ட ஆய்வு. செயற்கை நுண்ணறிவை நெறியோடு பயன்படுத்தத் தமிழ்நாடு அரசு 2020-லேயே ஒரு கொள்கை வெளியிட்டது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குமுன் கையெழுத்துச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.

நேர்காணலுக்குமுன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியாக வேண்டும்; நெறிமுறைக் குழுவின் கட்டளை. நம் ஊரில் ஒருவன் தாளோடு படியேறினால் ஒன்று குழுக் கடன், இல்லையென்றால் மகளிர் உரிமைத் தொகை.

"ஆயிரம் எனக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கு. இது தனியா வருமாய்யா?"

"எதுவும் வராது அப்பத்தா."

"பெறகு எதுக்குக் கையெழுத்து?"

"உங்க விவரம் வெளிய போகாதுன்னு எழுதித் தர்றேன்."

"அப்ப ஆதார் வேணும்ல?"

வேண்டாம் என்பதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பேரனின் சாதிச் சான்றிதழ் எல்லாம் திண்ணையில் பரப்பியாயிற்று. பெயர்கூட வேண்டாம் என்றால் முகம் சுண்டிப்போகிறது: "பேரு எழுதாம பணம் எப்பிடி ஏறும்?" பக்கத்து வீட்டு அக்கா ஜெராக்ஸோடு வந்து நிற்கிறார், இரண்டு செட், எதற்கும் இருக்கட்டுமென்று. பட்டாசு வேலைக்குப் போகும் அண்ணன் ஒருவர் தேய்ந்த விரல்களை நீட்டி, "ரேஷன் மெஷின்ல என் ரேகை விழ மாட்டேங்குது. அதச் சரி பண்ணத்தான வந்திருக்க?" என்கிறார். கேட்ட கேள்விகளிலேயே நியாயமானது அதுதான். என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

அப்பத்தாவைச் சொல்லி என்ன பயன்? தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்டவரிடமும் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. இரண்டே நாளில் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆணையமே பின்வாங்கிய இடத்தில் நான் ஒற்றை ஆளாகத் திண்ணை திண்ணையாக என்ன கிழிக்கப் போகிறேன்?

அந்த 2020 கொள்கைக்கு இங்கே இடமில்லை. ஆய்வுக்கு இன்னும் ஆள் தேவைப்படுகிறது. வருகிறவர்கள் தயவுசெய்து கைவீசிக்கொண்டு வரவும். ஓடிபி கேட்க மாட்டேன், பணமும் ஏறாது.