கரண்ட் போன உலகக் கோப்பை

ஸ்வீடனிடம் இந்தியா தோற்றதா என்று இவரிடம் கேட்டுப் பாருங்கள். தோற்கவே இல்லை, 81-வது நிமிஷத்தில் கரண்ட் போய்விட்டது என்பார். அப்போது ஸ்கோர் என்ன? மூன்று - பூஜ்யம். மூன்று யாருக்கு? அதற்கு மட்டும் பதில் வராது. காபி ஆறுகிறது, குடியுங்கள் என்பார்.

1950 உலகக் கோப்பையைப் பற்றித்தான் பேச்சு. பர்மாவும் இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் விலகிக்கொண்டதில், தகுதிச் சுற்றில் ஒரு பந்தைக்கூட உதைக்காமல் இந்தியாவுக்கு பிரேசில் போக வழி கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் நம் பெயரும் ஏறியது. கடைசியில் நாம் போகவில்லை. அப்படிப் போகாமல் விட்ட ஆட்டங்களை வீட்டிலிருந்தபடி ஆடி முடிப்பதுதான் இந்த வகை மனிதரின் வாழ்நாள் பணி. என் மனைவியின் அண்ணனைச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். பொதுவாகச் சொல்கிறேன்.

ஆடுவது கம்ப்யூட்டரில், அதுவும் 2006-ல் வந்த புரோ எவல்யூஷன் சாக்கர் 6-ல். அதற்கு முன்னால் ஃபிஃபா 98 இருந்தது. 172 நாடுகள், அதில் இந்தியாவும் உண்டு. பர்மா பஜாரில் வாங்கிய அந்த சிடி, கீறல் தாங்காமல் ஒருநாள் கண்ணை மூடிவிட்டது. புதிதாக வரும் ஆட்டங்கள் இவருக்கு ஆகாது. “நெட் கேக்குது, அப்டேட் கேக்குது, நம்ம கையில ஒண்ணுமே இல்ல மாப்ளே” என்பார். பழசில் எல்லாமே நம் கையில். புரோ எவல்யூஷனில் இந்தியா கிடையாதே என்றால், அதனால் என்ன? சவுதி அரேபியாவைத் திறந்து, பெயரை அழித்து, நீலச் சட்டை மாட்டி, சைலன் மன்னா, மேவாலால், அகமது கான், சாரங்கபாணி ராமன் என்று ஒவ்வொருவராக உள்ளே உட்கார வைத்தார். வர்ணனையாளர் மட்டும் திருந்தவில்லை. மேவாலால் கோல் போட்டால் சவுதி அரேபியா என்று கத்தினார். அவர் வாயை அடைத்துவிட்டு வர்ணனையை இவரே எடுத்துக்கொண்டார். ராத்திரி பதினொன்றரை மணிக்கு, ஆகாசவாணித் தமிழில்.

எதிரணிக்காரர்களின் கதை வேறு. 2006 ஆட்டத்தில் இத்தாலி என்றால் அந்த வருஷம் உலகக் கோப்பையையே தூக்கிய இத்தாலி. மேவாலாலை மறிக்க கன்னவாரோ நிற்கிறார், பின்னால் கம்பங்களுக்கு நடுவே பஃபோன் நிற்கிறார். ஸ்வீடனில் இப்ராஹிமோவிச். 1950-ல் இவர்கள் எங்கே வந்தார்கள் மச்சான் என்று கேட்டேன். “பேரை எல்லாம் மாத்தியாச்சு. முகந்தான் மாறல” என்றார்.

எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ரீஸ்டார்ட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

இவர் தோற்ற ஆட்டம் எதுவும் சேவ் ஆகாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும். ஜாய்ஸ்டிக்கில் எக்ஸ் பட்டன் அழுந்தி மேலே வரவில்லை. அடுப்படியில் மிக்சி ஓடியதில் திரை நடுங்கியது. நடுவர் வேண்டுமென்றே கண்டுகொள்ளவில்லை (கம்ப்யூட்டர் நடுவர்!). நான் பின்னால் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்த சத்தத்தில் கவனம் சிதறியது. பராகுவேயோடு ஒன்றுக்கு ஒன்று என்று போய்க்கொண்டிருந்தபோது வாசலில் கொரியர் வந்தது. இவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கோல் விழுந்துவிட்டது. அந்த ஆட்டமும் செல்லாது.

“பாஸ் பண்ணிட்டுப் போயிருக்கலாமே மச்சான்?”

என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே. “நெஜ மேட்ச்ல பாஸ் உண்டா மாப்ளே?”

நிஜ மேட்சில் பாஸ் கிடையாது, ஆகவே இவரும் தொட மாட்டார். நிஜ மேட்சில் ரீஸ்டார்ட்டும் கிடையாதே என்று நான் எடுத்துச் சொல்வதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது. மறுபடி பராகுவே, மறுபடி அகமது கான், மறுபடி அந்த வர்ணனை. ஒரே ஆட்டத்தை எத்தனை தடவை ஆடினார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் வெளிச்சம். நோட்டில் ஏறியது ஒன்றுதான். இந்தியா 2, பராகுவே 1. தேதி, நேரம், கோல் போட்டவர் பெயர், பார்வையாளர் எண்ணிக்கை எல்லாம் உண்டு. எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

தோல்விக்கு மட்டும்தான் ரீஸ்டார்ட் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பிரேசிலை ஐந்துக்குப் பூஜ்யம் என்று வீழ்த்திவிட்டு, முகம் வாடி உட்கார்ந்திருந்தார். அந்த உலகக் கோப்பையின் இறுதிக் கட்டத்தில் நான்கு அணிகள். நிஜத்தில் அங்கே போன ஸ்வீடனை பிரேசில் ஏழுக்கு ஒன்று என்று துவைத்து எடுத்தது. இவர் கணக்கில் ஸ்வீடன் இருந்த இடத்தில் இந்தியா. ஐந்து கோல் என்ன சாதாரணமா, நான் கைகூடத் தட்டிவிட்டேன். இவர் சேவ் செய்யாமல் வெளியே வந்தார்.

“ஏன்?”

“யாரும் நம்ப மாட்டாங்க மாப்ளே. வரலாறுன்னா ஒரு நியாயம் வேணும்.”

கடைசியில் பிரேசிலிடம் மூன்றுக்கு இரண்டு என்று கௌரவமாகத் தோற்று, ஸ்பெயினை வென்று, உருகுவேயிடமும் தோற்று, இந்தியாவுக்கு மூன்றாம் இடம் வாங்கிக் கொடுத்தார். கோப்பையை உருகுவேக்கே விட்டுவிட்டார். மரக்கானாவில் அவர்கள் பிரேசிலை இரண்டுக்கு ஒன்று என்று அழவைத்தார்களே, அதில் தலையிட இவருக்கு மனசு வரவில்லையாம்.

நியாயம் என்றதும் கப்பல் ஞாபகத்துக்கு வருகிறது. 1949-ல் சூபர்கா மலையில் விமானம் மோதி டொரினோ அணியே அழிந்ததால், இத்தாலிக்காரர்கள் பிரேசிலுக்குக் கப்பலில்தான் போனார்கள். இதை எங்கோ படித்துவிட்டு வந்து, இந்தியாவும் கப்பலில்தான் போக வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். பம்பாயில் ஏறினால் பிரேசில் போய்ச் சேர ஒரு மாசம். அந்த ஒரு மாசமும் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார், அணி கடலில் இருக்கிறது. அவர் மனைவி இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். “கப்பல் கெளம்பிடுச்சுண்ணே, இப்ப வந்தீங்கன்னா அவரை கேஸ் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்” என்று எனக்கு போன் செய்வார். குளியலறைக் குழாய், பரணில் கிடந்த அண்டா, மூன்று வருஷமாக வராத பெயின்டர், எல்லாம் அந்தக் கடற்பயணத்தில்தான் ஒரு முடிவுக்கு வந்தன. பயணம் முடிகிற சமயத்தில், கேப் டவுனில் இன்னும் நாலு நாள் நிறுத்தினால் பிள்ளைகளுக்கு ஓய்வாக இருக்குமே என்று அந்த அம்மாள் சொல்ல, இவர் நெகிழ்ந்துபோய் ஒரு வாரமே நிறுத்தினார்.

கால் விஷயம் ஒன்று இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு, கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு பிரான்ஸோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டியைக் கோட்டை விட்டு இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். ஆக, இவர் அணியும் வெறுங்காலோடுதான் இறங்கியாக வேண்டும். ஆட்டத்தில் அதற்கு வழி கிடையாது. பூட்ஸ் படத்தை மட்டும் தனியே எடுத்து, கறுப்பை வழித்துவிட்டு, மாநிறம் பூசி, கணுக்காலில் வெள்ளைக் கட்டுப் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியாக விரல் வரைந்தார். சுண்டுவிரலில் நகம்கூட உண்டு. திரையில் ஓடுகிறவன் கட்டைவிரல் உயரம்தான், அவன் கால்விரல் யார் கண்ணில் படும் என்றேன். “தெரியாட்டி என்ன, இருக்குல்ல” என்றார். ஒன்றை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார். அந்த பூட்ஸ் படம் இரண்டு அணிக்கும் பொது. அன்று ராத்திரி பஃபோனும் வெறுங்காலோடு வந்து நின்றார்.

வெறுங்காலோடு ஆட விடமாட்டோம் என்று சொன்னதால்தான் 1950-ல் நாம் போகவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குச் சாப்பாடு லேட். “சைலன் மன்னாவே அதெல்லாம் கதைன்னு சொல்லிட்டார் மாப்ளே! ஒலிம்பிக்ஸ்தான் பெருசுன்னு நெனச்சாங்க, உலகக் கோப்பைன்னா என்னன்னே தெரியல. செலவுல பெரும்பங்கை பிரேசில்காரனே தர்றேன்னான். டீம் செலக்‌ஷன்ல தகராறாம், பிராக்டிசுக்கு டைம் பத்தலையாம். இதெல்லாம் ஒரு காரணமா? எழுதிக் கையெழுத்துப் போட்டவனுக்குக் கை கூசியிருக்க வேணாம்?” பிடரி சிவந்துவிடும். செத்துப்போன நிர்வாகிகளை அவர் திட்டுகிற மாதிரி, உயிரோடு இருக்கிற கவுன்சிலரைக்கூட நான் திட்டியதில்லை.

1962-ஐ மட்டும் இவர் தொட மாட்டார். ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, செனாயன் ஸ்டேடியம், செப்டம்பர் 4. மைதானம் முழுக்க நமக்கு எதிராகக் கத்துகிறது. தலையில் தையலோடு இருந்த டிஃபண்டர் ஜர்னைல் சிங்கைப் பயிற்சியாளர் ரஹீம் முன்வரிசையில் இறக்குகிறார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, தென்கொரியா இரண்டுக்கு ஒன்று என்று வீழ்கிறது. கோல் கம்பத்தில் பீட்டர் தங்கராஜ், நம் நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்த மனிதர். அடுத்த வருஷமே ரஹீம் புற்றுநோயில் போய்விட்டார். இதைச் சொல்லும்போது ஆகாசவாணிக் குரல் போய்விடும், சாதாரணமாகத்தான் சொல்வார். அதை ஏன் ஆடுவதில்லை என்று கேட்டதற்கு, “ஜெயிச்சதை எதுக்கு ஆடணும்?” என்றார். அந்த நேரத்தில் எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது.

2024 ஜூனிலும் பிடித்தது. தோஹாவில் கத்தாரோடு தகுதிச் சுற்று ஆட்டம், சாங்டே போட்ட கோலில் முன்னிலையில் இருந்தோம். கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை இழுத்து உள்ளே தள்ளி கோல் என்றார்கள், நடுவரும் ஆமென்றார். வீட்டில் எல்லோரும் டிவியைப் பார்த்துக் கத்தினோம். கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்று, அடுத்த சுற்றும் கைவிட்டுப் போனது. இவர் கத்தவில்லை. “இதை நான் பாத்துக்கறேன்” என்று எழுந்து உள்ளே போனார். ஏதோ போலீசில் புகார் கொடுக்கப் போகிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகிற சத்தம் கேட்டது.

ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருக்கு ஒரு பையன், பிளஸ் ஒன், பள்ளி அணியில் லெஃப்ட் பேக். நிஜமான புல் தரை, அதிலும் பாதி மண். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் நான் போகிறேன், என் மனைவி போகிறாள், தண்ணீர் பாட்டிலோடு அவன் அம்மா வருகிறாள். அப்பா வந்ததில்லை. ஒரு தடவை கேட்டதற்கு, இத்தாலியோடு முக்கியமான ஆட்டம் என்றார். பையனின் ஷூ அடியில் பிளந்து, ஃபெவிக்விக் போட்டு ஆடிக்கொண்டிருந்தான். புதிது கேட்டபோது, “நம்மாளுங்க வெறுங்காலோட பிரான்ஸையே திணறடிச்சாங்கடா” என்று பதில் வந்தது. படத்தில் விரலுக்கு நகம் வரைய நேரம் இருக்கிறது, பெற்ற பிள்ளை காலைக் குனிந்து பார்க்க நேரம் இல்லை. ஷூவை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பொதுவாகச் சொல்கிறேன் என்று முன்னால் சொன்னதை இந்தப் பத்திக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பையன் அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை. “ஹெல்சிங்கியில யூகோஸ்லாவியாகிட்ட பத்து கோல் வாங்குனதும் வெறுங்கால்தான்ப்பா. அதுக்கப்புறந்தான் பூட்ஸ் கட்டாயம்னாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சரித்திரம் அப்பனிடம் கற்றதுதான்.

1952 ஒலிம்பிக், பத்துக்கு ஒன்று. இதை எப்படிச் சமாளித்திருப்பார் என்று எனக்கு ஆவல். நோட்டை வாங்கிப் புரட்டினேன். 1951 டெல்லி ஆசிய விளையாட்டு, ஈரானை வென்று தங்கம், மேவாலால் கோல், சிவப்பு மையில் இரண்டு கோடு. அது நிஜம், ஆகவே அப்படியே இருந்தது. 1956 மெல்போர்ன், ஆஸ்திரேலியாவை நாலுக்கு இரண்டு, நெவில் டிசூசா ஹாட்ரிக். அதுவும் நிஜம். ஆனால் நிஜத்தில் நான்காம் இடம், நோட்டில் வெண்கலம். நடுவில் ஹெல்சிங்கிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். ஸ்கோர் இல்லை, கோல் போட்டவர் பெயர் இல்லை, கூட்டம் இல்லை. நல்ல கையெழுத்தில் ஒரே ஒரு வரி: ‘அணித் தேர்வில் கருத்து வேறுபாடு மற்றும் பயிற்சிக்குப் போதிய அவகாசம் இன்மை காரணமாக இந்தியா கலந்துகொள்ளவில்லை.’

கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

நான் நோட்டைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஒரு தடவை படித்தார், மூடி வைத்தார்.

“உள்ள இருந்து பாத்தாத்தான் மாப்ளே நிர்வாகத்தோட கஷ்டம் தெரியும்” என்றார்.