பைபையும் எட்டு மெய்ப்பாடும்: கலகா சந்தித் தேநீர்க் கடையில் ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மெதுவாக நடக்கும் காரியத்தைப் பற்றி மனிதர்கள் முறையிடுவது இயற்கை. அது இனி விரைவாக நடக்கும் என்று சொன்னாலும் முறையிடுகிறார்களே, அதுதான் ஆராயத்தக்கது.

பைதன் மொழியில் எழுதிய நிரல் மெதுவாக ஓடும் என்பது, அதை எழுதிப் பிழைக்கும் எங்கள் எல்லோருக்கும் பொதுவான புலம்பல். அதே நிரலை, பெரும்பாலும் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், பல மடங்கு வேகமாக ஓட்டக்கூடிய இன்னொரு பைதன் இருக்கிறது. பெயர் பைபை. விலை கிடையாது. அதன் புதிய பதிப்பு வெளிவரும்போதெல்லாம் புலம்பியவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே குடியேற வேண்டும் அல்லவா? குடியேறுவதில்லை. பதிலுக்கு என்ன செய்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

களம்: பேராதனையில், கலகா சந்திப் பக்கம் ஒரு தேநீர்க் கடை. மாதிரி: மழைக்கு ஒதுங்கிய மென்பொருள்காரர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், நான். கருவி: இஞ்சி போட்ட பிளேன்டீ. நிதியுதவி: என் சட்டைப் பை. கடை நானா எப்போதாவது ஓர் உளுந்து வடைக்குக் காசு வாங்காமல் விடுவதுண்டு. ஆய்வின் நடுநிலையை அது கெடுத்திருக்கலாம் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

2. பெயராய்வு

கீடோ வான் ரொஸ்ஸம் 1991 இல் தம் மொழியை வெளியிட்டபோது மனதில் வைத்திருந்தது பாம்பை அல்ல. மொன்டி பைதன் என்ற நகைச்சுவைக் குழுவை. ஆனாலும் பாம்பு விடவில்லை. இதில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. 'அனகொண்டா' என்ற சொல் ஐரோப்பியரிடம் போனதே இலங்கைப் பாம்பு ஒன்றின் பெயராகத்தான்; ஜோன் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1693 இல் அதைக் குறித்திருக்கிறார். பிற்பாடுதான் அது தென்னமெரிக்கப் பாம்புக்குப் போய்ச் சேர்ந்தது. சொல்லின் மூலம் 'ஆனைக்கொன்றான்' என்ற தமிழ் என்பது ஒரு கட்சி. 'ஹெனகந்தயா' என்ற சிங்களம் என்பது மறு கட்சி. ஹெனகந்தயா சாட்டைபோல் மெலிந்த பாம்பு. ஆனைக்கொன்றானின் பருமனை விளக்கத் தேவையில்லை. 2012 இல் பைதனையும் அதன் துணைப் பொதிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனகொண்டா என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். கண்டியில் கைபேசி இணைப்பை நம்பி அதைப் பதிவிறக்கிப் பார்த்த எவரும் தமிழ் வழியே சரி என்று சொல்லிவிடுவார்.

பைபை, பைதனைப் பைதனிலேயே எழுதியது என்பதால் வந்த பெயர். தன் வாலைத் தானே கடிக்கும் பாம்பு அதன் சின்னம். தமிழில் எழுதும்போதுதான் சங்கடம். என் குறிப்பேட்டின் மேல் 'பைபை' என்று பெரிதாக எழுதியிருந்ததை எட்டிப் பார்த்த நண்பர், "என்ன, வேலையை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

3. முன்னோர் வரலாறு

சுருக்கமாகச் சொல்லி நகர்வோம். ஆர்மின் ரிகோ என்பவர் முதலில் சைக்கோ என்ற முடுக்கியைச் செய்தார். அவரும் தோழர்களும் 2003 இல் பைபை வேலையைத் தொடங்கினார்கள், ஐரோப்பிய ஒன்றியம் சில ஆண்டுகள் பணம் கொடுத்தது, 1.0 பதிப்பு 2007 இல் வந்தது. 2009 இல் கூகுள்காரர்கள் சிலர் 'அன்லேடன் ஸ்வாலோ' என்ற பெயரில் ஐந்து மடங்கு வேகத்துக்கு ஆசைப்பட்டுக் கைவிட்டார்கள். 2014 இல் ட்ரொப்பொக்ஸ் பைஸ்டன் என்று ஒன்றைத் தொடங்கி, சில ஆண்டுகளில் கைகழுவியது. மூலப் பைதனும், அதாவது சி மொழியில் எழுதிய சிபைதனும், சும்மா இருக்கவில்லை. 2022 ஒக்டோபரில் வந்த 3.11 பதிப்பு முந்தியதைவிடச் சராசரியாக 25 விழுக்காடு வேகம் என்றார்கள். பந்தயத்தில் ஓடிய பலர் பாதியில் உட்கார்ந்துவிட, பைபை மட்டும் இருபது ஆண்டுக்கு மேலாக ஓடுகிறது. பார்வையாளர்கள்தான் குறைவு.

4. மெய்ப்பாட்டு வகைப்பாடு

எதிர்வினைகளை வகைப்படுத்த மேலைநாட்டுச் சட்டகங்களைத் தேடினேன். வீட்டிலேயே தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எட்டுக்கும் ஆள் கிடைத்தது.

உவகை: திட்டக்காரர்கள் தம் சோதனைத் தொகுப்பின் சராசரியாக மூன்று, நாலு மடங்கு வேகம் என்று சொல்லிவந்திருக்கிறார்கள். தூய பைதனில் பெரிய பெரிய சுற்றுகளாக எழுதியவர்களுக்கு இது உண்மையாகவே கிடைக்கும். இவர்கள் சத்தம் போடுவதில்லை. வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே களத்தில் அதிகம் அகப்படவில்லை.

மருட்கை: பைதனில் எழுதிய பைதன், சி மொழியில் எழுதியதை எப்படி முந்தும் என்ற வியப்பு. இதற்கு விடை கடை நானாவிடமே இருக்கிறது. முதல் நாள் போனபோது, டீயா கோப்பியா, பாலா பிளேனா, சீனி எவ்வளவு, இஞ்சி வேண்டுமா என்று நாலு கேள்வி கேட்டார். மறுநாளும் கேட்டார். மூன்றாம் கிழமையில் கேள்வி நின்றது. நான் குடையை மடக்குவதற்குள் சீனி குறைத்து இஞ்சி போட்ட பிளேன்டீ மேசைக்கு வந்துவிடும். ஆனால் வைக்கும்போது முகத்தை ஒருமுறை பார்த்து, "அதேதானே, சேர்?" என்பார். ஒருநாள் காய்ச்சலோடு போனேன். பார்த்த உடனே கையிலிருந்த கிளாஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு, "கொத்தமல்லி போடவா?" என்று முதலிலிருந்து கேள்வியைத் தொடங்கினார்.

பைபை செய்வதும் இதுவே. ஒரு சுற்றை முதலில் சிபைதனைப் போலவே ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ஓட்டும், எண்ணிக்கொண்டும் இருக்கும். வழக்கமான அமைப்பில் 1039 தடவை தாண்டினால், 'இது எப்போதும் இப்படித்தான்' என்று முடிவு கட்டி, கேள்விகளைத் தவிர்த்த இயந்திரக் குறிமுறையை அந்த இடத்திலேயே ஆக்கிக்கொள்ளும். முழு எண் வந்த இடத்தில் திடீரென்று எழுத்துச் சரம் வந்தால், காவலுக்கு வைத்த சிறு சோதனை அதைப் பிடித்து, பழைய மெதுவான வழிக்குத் திருப்பிவிடும். நானா 1039 வரை எண்ணவில்லை. அந்த வகையில் அவர் இன்னும் முன்னேறிய பதிப்பு.

இளிவரல்: தன் நிரலை ஓட்டிப் பார்த்து, முன்பைவிட மெதுவாக ஓடியதைக் கண்டு குறுகிப்போனவர்களின் நிலை. காரணம் மேலே சொன்னதுதான். அரை விநாடியில் முடியும் நிரல், பைபைக்குப் பழக்கம் ஏற்படுமுன்பே முடிந்துவிடுகிறது. கடைக்கு ஒரே ஒரு நாள் போய்விட்டு, 'நானாவுக்கு என்னைத் தெரியவில்லை' என்று மனம் நொந்தால் யார் என்ன செய்ய?

அச்சம்: இதுவே பெருந்திணை. வேகம் எத்தனை மடங்கு என்று இவர்கள் கேட்பதில்லை, "நம்பை ஓடுமா?" என்றுதான் கேட்கிறார்கள். நம்பை என்பது எண்கணக்குப் பொதி. அதன் உள்ளுறுப்பு சி மொழியில், சிபைதனின் உடற்கூற்றுக்கு ஏற்றபடி தைத்தது. பைபையின் உடல் வேறு. சட்டை பொருந்த நெடுநாள் எடுத்தது. 2017 ஒக்டோபரில் வந்த 5.9 பதிப்பில்தான் நம்பையும் பண்டாஸ் என்ற இன்னொரு பொதியும் ஓடுகின்றன என்று அறிவிக்க முடிந்தது. அப்போதும் பைபைக்கும் சி உள்ளுறுப்புக்கும் இடையே எல்லை கடக்கும் ஒவ்வொரு தடவையும் சுங்கம் போலக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம்பையை நம்பியவர்களைக் குறைசொல்ல மாட்டேன். விரைவு வழிக்கு அஞ்சுவது கண்டிக்குப் புதிதல்ல. பாறையைத் துளைத்து அந்நியன் வந்தால் இராச்சியம் விழும் என்றொரு நம்பிக்கை இருந்ததாம். வெள்ளையர் கடுகண்ணாவையில் பாறையைத் துளைத்தே பாதை போட்டார்கள். ஆனால் இராச்சியம் விழுந்தது 1815 இல். பாதை அதன் பிறகு. விழுவதற்கு வேகமான பாதை தேவைப்படவில்லை என்பதை ஆய்வாளர்கள் கவனிக்க.

அழுகை: திறந்த கோப்பை மூடாமல் விட்டால், சிபைதன் பின்னாலேயே வந்து அம்மாவைப் போல மூடிவைக்கும். பைபையின் குப்பை சேகரிப்பு, குப்பை வண்டியைப் போல, வரும்போதுதான் வரும். அதுவரை கோப்புகள் திறந்தே கிடக்கும். இவ்வளவு காலம் அம்மாதான் மூடிக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரியவரும்.

வெகுளி: "இவ்வளவு நல்லதென்றால் ஏன் இதையே மூலப் பைதன் ஆக்கவில்லை?" என்று மேசையில் தட்டுவது. கிளாஸ் ஆடும். பெருமிதம்: நிறுவியதோடு சரி, அளந்து பார்க்காமலே "நான் இப்போது பைபைதான்" என்று சொல்லித் திரிவது. நகை: இரண்டாம் பகுதியில் வந்த நண்பர்.

5. கடுகண்ணாவைத் தேற்றம்

எட்டையும் அடுக்கிப் பார்த்தபோது ஒரு பொது உண்மை தென்பட்டது. மகிழ்ந்தவரும் அழுதவரும் கோபித்தவரும் ஒரே கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தார்கள்: என் நிரல் எந்த இடத்தில் மெதுவாகிறது?

பாதையை வைத்தே விளக்கிவிடலாம். 2022 ஜனவரியில் மத்திய அதிவேகப் பாதையில் மீரிகமவிலிருந்து குருணாகல் வரை சுமார் 40 கிலோமீட்டரைத் திறந்தார்கள். அருமையான பாதை. ஆனால் கொழும்புப் பக்கம் கடவத்தையிலிருந்து மீரிகம வரும் துண்டும், கண்டிப் பக்கம் பொத்துஹெரவிலிருந்து கலகெதர போகும் துண்டும் அப்போது திறக்கவில்லை. நடுவில் பறந்துவிட்டு, இரண்டு முனையிலும் ஊர்வது. கடுகண்ணாவை வழியாக வந்தாலும் கதை வேறில்லை. கெட்டம்பையில் மாட்டினால் மலை ஏறியபோது மிச்சம் பிடித்த நேரமெல்லாம் போய்விடும். எசல பெரஹரா நாட்களில் எஞ்சினின் குதிரைவலு பற்றிப் பேசுவதில் பயனே இல்லை. நகரின் வேகத்தை அன்றைக்கு யானைகள் தீர்மானிக்கின்றன.

ஜீன் அம்டால் 1967 இல் இதே கருத்தைக் கணினிக்குச் சொல்லிவிட்டார். ஒரு நிரல் பத்து நிமிடம் ஓடுகிறது என்று கொள்வோம். அதில் எட்டு நிமிடம் வலையமைப்பிலிருந்து தரவு வரும்வரை காத்திருப்பு. இரண்டு நிமிடம்தான் கணக்கு. பைபை வந்து கணக்கை நாலு மடங்கு வேகமாக்கினால் இரண்டு நிமிடம் அரை நிமிடமாகும். மொத்தம் எட்டரை. கணக்கையே நொடியில் முடித்தாலும் எட்டுக்குக் கீழே இறங்காது. என் சொந்த நிரல் இந்த இனம்தான். மரக்கறி விலைப்பட்டியலை ஓர் அலுவலகத் தளத்திலிருந்து நாள்தோறும் இழுத்துக் கூட்டிக் கழிக்கிறது. அந்தத் தளம் திறப்பதற்குள் நானா இரண்டு பிளேன்டீ போட்டுவிடுவார். நானோ ஒரு சனிக்கிழமை முழுவதையும் செலவழித்துப் பைதனை மாற்றினேன். விலைப்பட்டியல் வழக்கம்போல ஆடி அசைந்துதான் வந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்டது எட்டில் எது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

6. முடிவு

பிற்காலத்தார் எட்டோடு நிற்காமல் ஒன்பதாவதாகச் சாந்தத்தைச் சேர்த்தார்கள். அது சரியென்று களம் காட்டுகிறது. மழை விட்டதும் மாதிரியில் இருந்த பெரும்பாலோர் பைபையைப் பாராட்டிவிட்டு, கணினியோடு வந்த சிபைதனுக்கே திரும்பிப் போனார்கள். கோபமில்லை, அழுகையில்லை, மாற்றமுமில்லை. சுற்றுச் சுற்றாகக் கணக்குப் போடும் நிரல் வைத்திருந்த ஒரு மாணவர் மட்டும் மாறினார். இப்போது நேரத்தோடு பஸ் பிடிக்கிறார்.

மாறச் சொல்வதும் மாறவேண்டாம் என்பதும் இந்த ஆய்வின் வேலை அல்ல. பாம்பை மாற்றுமுன் உங்கள் நிரலில் எந்தச் சந்தியில் நெரிசல் என்று ஒருமுறை அளந்து பாருங்கள். அதற்குரிய சிபுரொபைல் என்ற கருவி பைதனோடு சேர்ந்தே வருகிறது, அதுவும் இலவசம்தான்.