பந்திக்கு முந்தும் ரேடியேட்டர்

லண்டனில் வீடு பார்க்கப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் கோடையில்தான் போகிறார்கள். சமையலறையில் கிரைண்டர் வைக்க இடம் இருக்கிறதா, ஈஸ்ட் ஹாம் முருகன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாமா என்றெல்லாம் அலசுவார்கள். சுவரோரம் வெள்ளையாக, பரம சாதுவாக நிற்கிற ரேடியேட்டரை ஒருவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. அதன் சுயரூபம் தெரிவது நவம்பரில்.

எங்கள் வீட்டில் ரேடியேட்டருக்கு ரேடியேட்டர் சுபாவம் வேறு. ஹாலில் இருப்பது கை வைக்க முடியாத சூடு. மாடியில் முன்னறையில் இருப்பதற்குக் கீழ்ப்பாதி சூடு, மேல்பாதி ஜில். கடைசியில் உள்ள சின்ன அறைக்காரர் எதிலும் பட்டுக்கொள்ளாமல் இருப்பார். சேலத்திலிருந்து வந்த மாமியாருக்கு நாங்கள் ஒதுக்கியது அந்தச் சின்ன அறையைத்தான். இதில் உள்நோக்கம் ஏதும் கிடையாது என்று மனைவியிடம் நான் கொடுத்த வாக்குமூலம் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

காலையில் சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், தலையில் மங்கி குல்லா சகிதம் மாமியார் இறங்கி வருவார். “ஏன் மாப்பிள்ளை, என் ரூம் சுவத்துல ஒரு தகரம் மாட்டியிருக்கே, அது எதுக்கு?” என்பார். கேள்வியில் மரியாதைக்குக் குறைவில்லை. அதுதான் பயம்.

அதற்குள் ஆலோசனைகள் வந்து குவிந்துவிட்டன. பாய்லரையே மாற்றிவிடு என்றார் அலுவலக நண்பர். என் பணத்தில் அவருக்கு எப்போதும் தாராள மனசு. எதிர்வீட்டு ஆங்கிலேயத் தாத்தா, இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னார். சேலத்தில் ஃபேனுக்கு அடியில் பனியனோடு உட்கார்ந்திருந்த மச்சினன் வீடியோ காலில் வந்து, “வெந்நீர் நிறைய ஓடணும் மாமா, சூட்டை ஏத்துங்க” என்றான். சொன்னவர்களில் ஒருவர்கூட ரேடியேட்டர் பக்கம் கையை நீட்டவில்லை.

கடைசியில் வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். பல வருடங்களாக இந்த ஊர்ப் பழைய வீடுகளின் குழாய்களோடு மல்லுக்கட்டியவர். பையைத் திறக்கவே இல்லை. “முதல்ல தொட்டுப் பாரும் தம்பி. எங்க குளிருதெண்டு தெரிஞ்சால்தான் என்ன வருத்தமெண்டு சொல்லலாம்” என்றார். பிறகு ஒவ்வொரு ரேடியேட்டரையும் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே போனார்.

மேலே குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே காற்று. அது மேலே போய் உட்கார்ந்துகொண்டு வெந்நீருக்கு இடம் தராது. ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் இருக்கிற சின்னச் சதுரத் திருகில் அதற்கென்று உள்ள சாவியைப் போட்டு அரைச் சுற்றுக்குள் திருப்ப வேண்டும். ‘உஸ்’ என்று காற்று வெளியேறும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட வேண்டும். அடியில் ஒரு துணி பிடிப்பது அவசியம், கார்ப்பெட் வெளிர் நிறம் என்றால் மிக அவசியம். பின்பு பாய்லரின் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருப்பது நல்லது. குறைந்திருந்தால் நிரப்பும் குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்ற வேண்டும்.

முன்னறையின் ‘உஸ்’ஸைக் கேட்டதும், கெட்ட காற்று போகிறது என்று சொல்லி மாமியார் கற்பூரத் தட்டோடு வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர் பாய்ந்து தடுத்தார். அவர் நாத்திகர் அல்ல. உள்ளே இரும்பு அரிக்கும்போது சில சமயம் ஹைட்ரஜன் உண்டாகும், அது பற்றிக்கொள்ளும். ஒரே ரேடியேட்டரில் அடிக்கடி இப்படி வாயு சேர்ந்தால் உள்ளே அரிப்பு நடக்கிறது என்று சந்தேகப்பட வேண்டுமாம்.

அரிப்பு முற்றினால் அடுத்த கட்டம் சேறு. மேலே சூடு, கீழே நடுவில் மட்டும் குளிர்ச்சி என்றால் அங்கே கறுப்பாக ஒரு வண்டல் படிந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி மாக்னடைட், அதாவது கறுப்பு இரும்பு ஆக்சைடு. சேலத்துக் கஞ்சமலையில் தாதுவாக இருப்பதும் இதுதான். இதைச் சொன்னதும் மாமியார் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு பெருமிதம் தெரிந்தது. ஆனால் எங்கள் வீட்டில் தாது வளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இருக்கிற வீடுகளில் குழாய்களை மொத்தமாக அலசிக் கழுவ வேண்டும். அதற்குச் சில நூறு பவுண்டு ஆகும்.

சின்ன அறைக்காரரின் சங்கதி வேறு. உடம்பு முழுக்கக் குளிர்ச்சி. அதன் ஓரத்தில் எண்கள் போட்ட தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறது. மாமியார் ஃபேன் ரெகுலேட்டர் பழக்கத்தில் அதை 5-க்குத் திருகி வைத்திருந்தார். அந்த எண் வேகத்தைக் கூட்டாது, அறை எவ்வளவு சூடானதும் வெந்நீரை நிறுத்துவது என்பதைத்தான் தீர்மானிக்கும். தலைப்பகுதிக்குள் இருக்கிற மெழுகோ திரவமோ சூட்டில் விரிந்து ஒரு சிறு பின்னை அழுத்தும், வழி மூடிக்கொள்ளும். கோடை முழுக்க அசையாமல் கிடந்தால் அந்தப் பின் அழுத்திய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். யாழ்ப்பாணத்துக்காரர் தலையைக் கழற்றி, பின்னை லேசாகத் தட்டி, அழுத்தி விட்டார். துள்ளி மேலே வந்தது. நாங்கள் கைதட்டினோம்.

கைதட்டியது கொஞ்சம் அவசரம். தகரம் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. “பாய்லர் சூட்டைக் கூட்டலாமா?” என்றேன். “கூட்டினால் ஹாலுக்குத்தான் கொண்டாட்டம்” என்றார். தண்ணீர் சுலபமான வழியைத்தான் தேடும். பாய்லருக்குப் பக்கத்தில் உள்ள ரேடியேட்டர் வெந்நீரை அள்ளிக்கொண்டுவிடும், தொலைவில் உள்ளதற்கு மிச்சம்தான். மாமியாருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. “கல்யாணப் பந்திதானே மாப்பிள்ளை! முதல் இலைக்காரன் பாயசத்தை நாலு கரண்டி வாங்கினா, கடைசி இலைக்கு வெறும் வாளிதான் வரும். பெரிய அண்டாவுல வெச்சாலும் அவன் எட்டுக் கரண்டி கேப்பான். கரண்டியைப் பிடிச்சு நிறுத்தணும்” என்றார்.

அதைத்தான் யாழ்ப்பாணத்துக்காரரும் செய்தார். ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் மறுமுனையில், பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கிற லாக்‌ஷீல்ட் வால்வு என்று ஒன்று உண்டு. ஹாலில் இருந்ததை ஏறக்குறைய மூடி, சின்ன அறையில் இருந்ததை முழுக்கத் திறந்தார். தண்ணீர் உள்ளே போகும் குழாய்க்கும் வெளியே வரும் குழாய்க்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று அளந்து அளந்து, எல்லா ரேடியேட்டரிலும் அது ஏறக்குறைய ஒன்றாகும் வரை திருகினார். மதியம் முழுக்க ஆயிற்று. பாய்லரில் ஒரு டிகிரிகூடக் கூட்டவில்லை. இருந்த சூட்டைப் பிரித்துக் கொடுத்ததோடு சரி. மறுநாள் மாமியார் ஒரே ஸ்வெட்டரோடு இறங்கி வந்தார்.

ஆகவே, குளிர்நாட்டில் குடியிருக்கும் அன்பர்களே, பாய்லரைத் திட்டுவதற்கு முன் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். மேலே குளிர்ந்தால் சாவி போதும். கீழே குளிர்ந்தால் சேறு. ஒன்றே ஒன்று முழுக்கக் குளிர்ந்தால் பின்னைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பது கொதித்துத் தூரத்தில் இருப்பது குளிர்ந்தால், கொதிப்பதன் பங்கைக் குறையுங்கள். கேஸ் பாய்லரின் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் அந்த வேலைக்கு வருகிறவரிடம் கேஸ் சேஃப் பதிவு இருக்க வேண்டும். மாப்பிள்ளை என்ற பதவி போதாது.