குளிர்காயும் கார்

எங்கள் தெருவில் ஒரு சார், காலையில் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளே போய்க் காபி குடித்து, பேப்பரில் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வரை படித்துவிட்டுத்தான் வருவார். இன்ஜின் சூடாகணுமாம். சென்னையில், மே மாதத்தில்! பயணம்? தெருமுனை ஆவின் பூத் வரை.

சோக் இழுத்து ஓட்டிய அம்பாசடர் காலத்து ஆசாரம் அது. கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்த செய்தி அவர் வாங்கும் பேப்பரில் வரவில்லை போலும். ஆறிய இன்ஜினுக்குப் பெட்ரோல் தாராளமாகவே பாயும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அங்கிருக்கும் ஆயிலையும் நீர்க்க வைக்கும். அரை நிமிடம் விட்டு, முறுக்காமல் மெல்ல ஓட்டினால் நின்றிருப்பதைவிடச் சீக்கிரம் சூடேறும்.

சொல்லிப் பார்த்தேன். “வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி, மைலேஜ்தான் கிடைக்க மாட்டேங்குது. எல்லாம் இந்த எத்தனால் பண்ற வேலை” என்றார்.