வல்லாள ராஜாவுக்கு ஆறு விரல்

வாடா பேராண்டி, இப்டி உக்காரு. உன் புஸ்தகத்து அட்டய உங்க அத்த செல்லுல காட்டுச்சு. வல்லாள மகாராஜா கத எழுதறியாம். அட்டப்படத்த மிஷினாண்ட கேட்டியாம். அதுவும் அரை நிமிஷத்துல போட்டுக் குடுத்துடுச்சாம். கெட்டிக்காரன்டா நீ. ராஜாவுக்கு வலது கையில ஆறு விரல் கீது. சண்டைக்குப் போற மனுஷன், ஒண்ணு போனா மாத்துக்கு ஒண்ணு வேணாமா? தலையில ராஜஸ்தான் தலப்பா. பின்னால நம்ப திருவண்ணாமல மலை, உச்சியில பனி! சித்திர வெயில்ல வேங்கிக்கால் ஏரிக்கரையில நடந்தா உள்ளங்கால் கொப்புளிக்குது. அந்தப் பனியக் கொஞ்சம் கீழ எறக்கி வுடச் சொல்லு, ஊருக்கே புண்ணியமாப் போவும்.

இதவுட ஒரு சூட்சுமம் கீது அதுல. ராஜாவுக்குப் பின்னால பதினோரு நிலை ராஜகோபுரம் நிக்குது. வல்லாளரு 1340களிலயே போய்ச் சேந்துட்டாரு. அந்தக் கோபுரத்த ஆரம்பிச்ச கிருஷ்ணதேவராயரு பட்டத்துக்கு வந்ததே 1509ல. நூத்தம்பது வருஷத்துக்கு மேல கழிச்சு வரப்போற கோபுரத்துக்கு முன்னால இப்பவே நின்னு போஸ் குடுத்துட்டாரு மகராஜன். ஞானதிருஷ்டி! அவரு பேரச் சொல்ற வல்லாள கோபுரம் உள்ளயே கீது, அத உன் மிஷின் வுட்டுடுச்சு. கலெக்டர் ஆபீசாண்ட டவுன் பஸ் ஏறுனா கோயிலு எவ்ளோ தூரம்? அதுக்கு பஸ் நம்பர் தெரியாது, பாவம். உனக்குத் தெரியும், நீயும் போவல. ரெண்டு பேரும் நல்ல ஜோடி.

இதோட வுட்டுடாதடா. இதே வழியில முன்னேறணும். பெரியவன் நான் நாலு புத்தி சொல்றன், கேட்டுக்கோ.

மொதல் புத்தி, எந்த எடத்தயும் நேருல போயி பாக்காத. போனவங்க இன்னா ஆனாங்கன்னு பாரு. கல்கின்னு ஒருத்தரு சிவகாமியின் சபதம் எழுதனாரு. அதுல ஆயனச் சிற்பிக்கு அஜந்தா வர்ணத்து ரகசியம் தெரியணும்னு ஒரே தவிப்பு. கதையில வர்ற சிற்பிக்குத்தான தவிப்பு, இவருக்கு இன்னா வந்துச்சு? படம் போடற மணியத்தயும் இட்டுகினு அஜந்தாவுக்கே போனாரு. அப்புறம் 1950லேருந்து 1954 வரிக்கும் கல்கி பத்திரிகையில வாரா வாரம் பொன்னியின் செல்வன் வந்துச்சு. வந்தியத்தேவன் தலப்பா, நந்தினி கொண்ட, பழுவேட்டரையர் மீச எல்லாம் மணியம் போட்டதுதான். அந்த மனுஷன் 1968ல, நாப்பத்திநாலு வயசுல போயிட்டாரு. சினிமாக்காரங்க இன்னிக்கும் நந்தினிக்குக் கொண்ட போடணும்னா அவரு படத்தத்தான் பொரட்டறாங்க. பாத்தியா, ஊரு ஊரா சுத்துனதுல செத்தும் வேல செய்யறாரு. உனக்கு எதுக்கு அந்தப் பொழப்பு?

அமெரிக்காவுலயும் இந்த மாதிரி பைத்தியங்க இருந்துச்சுங்க. நார்மன் ராக்வெல்னு ஒருத்தரு, 1916லேருந்து 1963 வரிக்கும் ஒரே பத்திரிகைக்கு 300க்கு மேல அட்டப்படம் போட்டவரு. அக்கம்பக்கத்து ஜனத்தக் கூப்ட்டு உக்கார வச்சு, அந்த மூஞ்சிங்களப் பாத்துப் பாத்துப் போடுவாராம். நீ அப்டி பண்ணிடாத. நம்ப தெரு டீக்கட ஆளு மூஞ்சிய ராஜா படத்துல வச்சா அவன் மறுநாள்லேருந்து கடன் குடுக்க மாட்டான்.

ரெண்டாவது புத்தி, எது முன்னாலயும் ரொம்ப நேரம் உக்காராத, முட்டி வலிக்கும். விகடன்ல மாலின்னு ஒரு பெரிய கை. பொடிசுங்களப் புடிச்சு வேல வாங்கறதுல மன்னன். நாமக்கல் பக்கத்துப் பையன் சீனிவாசனப் புடிச்சாரு, சில்பின்னு பேரு வச்சாரு, நீ கோயில் சிலயப் போடுறான்னு அனுப்பிட்டாரு. அந்தப் பையன் அப்புறம் வருஷக்கணக்குல கோயில் கோயிலா சிலைங்க முன்னால உக்காந்தாரு. தென்னாட்டுச் செல்வங்கள்னு விகடன்ல வந்துச்சே, அது அந்த உக்காந்தது. கல்லுல ஒட்டியாணத்துக்கு எத்தன வரி கீதோ, காயிதத்துலயும் அத்தன வரி. இப்ப செல பொம்மைங்க ஒடஞ்சும் திருடு போயும் கீது, அவரு கோடு மட்டும் அப்டியே கீது. உன் மிஷின் போட்ட நகைய எண்ணிப் பாரு. இடது பக்கம் மூணு சரம், வலது பக்கம் ரெண்டு. மிச்சம் ஒண்ணு அடகுக் கடையில கீது போல.

அதே மாலி, கோபாலன்னு தஞ்சாவூர்ல பொறந்த இன்னொரு பையன திருவையாத்துக்கு வெரட்டனாரு. தியாகராஜ சாமி வூட்ல பூஜ பண்ண ராமர் பட்டாபிஷேகப் படத்த நேருல பாத்து எழுதிகினு வாடான்னாரு. 1941 தீபாவளி மலருல வந்துச்சு. பையனுக்கு அப்ப பதினேழு வயசு. அவருதான் கோபுலு. பின்னால வலது கை வாதத்துல வுழுந்துச்சு. மனுஷன் இடது கையில பழகிப் போட ஆரம்பிச்சாரு. உனக்கு ரெண்டு கையும் கல்லாட்டம் கீது, செல்லத் தேய்க்கறதுக்கு.

மூணாவது புத்தி, படம் போடறவனாண்ட கதையப் படிக்கக் குடுக்காத. படிச்சா வம்பு. கொத்தமங்கலம் சுப்பு தில்லானா மோகனாம்பாள் எழுத, கோபுலு போட்டாரு. சிக்கல் சண்முகசுந்தரம் நாயனத்தப் புடிக்கற புடியிலயே அந்தாளு கர்வம் தெரியும். வைத்தி வளஞ்சு நிக்கறதுலயே அவன் புத்தி தெரியும். 1968ல சினிமாவா வர்றதுக்குள்ள ஜனத்துக்கு எல்லா மூஞ்சியும் பாடமாயிடுச்சு. கதையில எழுதாதத படத்துல எழுதிட்டாரு பாரு, எழுதனவனுக்கு நஷ்டம் இல்லயா அது? உன் மிஷினுக்கு ரெண்டு வரி சொன்னியாமே, ‘ராஜா, கோவம், மலை’ன்னு. ரெண்டு வரியோட நிறுத்திக்கோ. முழுக் கதையும் சொன்னா அதுக்கே தூக்கம் வந்துடும்.

நாலாவது புத்தி, தெரிஞ்சத ஒருத்தனுக்கும் சொல்லிக் குடுக்காத. அமெரிக்காவுல ஹோவர்ட் பைல்னு ஒரு ஏமாந்த சோணகிரி. பேரு புகழு எல்லாம் வந்தப்புறம், 1900ல வில்மிங்டன்ற ஊர்ல சொந்தப் பள்ளிக்கூடம் தொறந்து, காசு வாங்காம சொல்லிக் குடுத்தாரு. படத்துக்குள்ள நீ போயி வாழுடா, அப்புறம் போடுன்றது அவரு பாடம். அங்க படிச்ச வையெத்துன்றவரு 1911ல புதையல் தீவு கதைக்கு போட்ட கடல்கொள்ளக்காரனுங்களத்தான் இன்னிக்கும் ஒலகமே பாத்துகினு கீது. பைலு செத்ததும் அதே வருஷம். பீஸ் வாங்கியிருந்தா ஒரு வூடாவது கட்டியிருக்கலாம்.

சிரிக்காதடா. அந்தக் காலத்து ஆளுங்க எல்லாம் மகான்னு நான் சொல்ல வரல. அவங்க கையக் கட்டுனது காயிதமும் அச்சும். படத்த துத்தநாகத் தகட்டுல ஏத்தி, அமிலத்துல அரிச்சு, பிளாக் எடுத்து, மரக்கட்டையில அடிச்சு, எழுத்துக்குப் பக்கத்துல வச்சு ஓட்டணும். மட்டமான காயிதம். நெருக்கமா கோடு போட்டா மை அப்பிகினு கறுப்பாயிடும். அதனால பத்து கோடு போடற எடத்துல மூணு கோட்டுல முடிக்கணும். மூணே கோட்டுல ஒரு மூஞ்சி நிக்கணும்னா, அந்த மூஞ்சிய முந்நூறு தடவ பாத்திருக்கணும். வறுமைதான் வாத்தியாரு. அப்புறம் ஆப்செட்டு வந்துச்சு, போட்டோ வந்துச்சு, டீவி வந்துச்சு. அமெரிக்காவுலயும் நம்ப ஊர்லயும் அதே கததான். கத போடற பக்கம் கொறஞ்சா படம் போடறவனுக்கு எங்க எடம்?

ஜனமும் அப்ப வேற மாதிரி. தொடர்கதப் பக்கத்த வாரா வாரம் கிழிச்சு சேத்து, பைண்டிங் கடையில அட்ட போட்டு வச்சுப்பாங்க. கத, படம், பின்பக்கத்துல தைல வெளம்பரம் எல்லாம் ஒண்ணா கெடக்கும். கல்யாணம் ஆயிப் போற பொண்ணு அந்த பைண்டிங்கயும் பொட்டியில வச்சுகினு போவும். பின்னால புஸ்தகமா போட்டவங்க நெறைய பேரு காயிதம் மிச்சம்னு படத்தத் தூக்கிட்டாங்க. கத பாதியாச்சுன்னு பைண்டிங் வச்சிருந்தவங்களுக்குத்தான் தெரியும்.

நம்ப ஊரு சங்கதி ஒண்ணு சொல்றன். கொண்டையா ராஜுன்னு ஒருத்தரு, மெட்ராசு ஓவியப் பள்ளியில படிச்சவரு, எல்லாத்தயும் வுட்டுட்டு செங்கம் ரோட்ல ரமணாசிரமத்துல வந்து கொஞ்ச காலம் சாமியாரா இருந்தாரு. அப்புறம் நாடகக் கம்பெனியில சீன் எழுதப் போனாரு. 1940கள்ல கோயில்பட்டியில தங்கிட்டாரு. அவரும் அவரு சீடப்புள்ளைங்களும் எழுதன லட்சுமி, முருகன், மீனாட்சி கல்யாணம் எல்லாம் சிவகாசியில காலண்டரா அடிச்சு வூடு வூடா போச்சு. சாமிய நேருல பாத்தாரான்னு கேப்ப. ராத்திரி ராத்திரி மேடயில அரிதாரம் பூசன ராமரயும் வள்ளியயும் பாத்தாரே, அது போதாதா? அந்த ஜிகினாவும் அந்த சிரிப்பும்தான் படத்துல எறங்கிச்சு. உங்க பாட்டி கும்புட்டதும் அதத்தான்.

இப்ப நெசமாவே ஒரு புத்தி. படம் எழுதத் தெரிஞ்ச புள்ளைங்க இந்த ஊர்ல கீறாங்க. டிஜிட்டல் பேனரு வந்தப்புறம் போர்டு எழுதற வேலயும் போயி, கலர் டப்பா காஞ்சி கெடக்குது அவங்களாண்ட. ஒருத்தனப் புடி. கதைய முழுசா படிக்கக் குடு. வல்லாள கோபுரத்தாண்ட இட்டுகினு போயி ரெண்டு பேரும் உக்காருங்க. ஒரு மாசம் டைம் குடு, பாதிப் பணம் முன்னாடியே குடு, அவன் பேர அட்டயிலயே போடு.

மாட்டன், மிஷின் படந்தான் வேணும், அதுதான் ஓசின்னா, தாராளமா போட்டுக்கோ. ஆனா நாள பின்ன என் புஸ்தகத்த ஒருத்தனும் வாங்கலன்னு என்னாண்ட வந்து மூக்க உறிஞ்சாத. படிக்கறதுக்கும் அந்த மிஷினயே உக்கார வச்சுடு. அரை நிமிஷத்துல படிச்சுட்டு, ரொம்ப பிரமாதம்னு சொல்லும். புஸ்தகத்துக்கு வெல இன்னா வச்சுகீற, இருநூறா? அதயும் அதுங்கிட்டயே வாங்கிக்கோ.